எலும்பில் பதிந்த பல்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன மெகலடான் என்ற ராட்சதச் சுறாவைப் பற்றி எழுதும்போது, அது கடித்த திமிங்கல எலும்புகள் கூடக் கிடைத்திருக்கின்றன என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்டவைதான். அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: பல லட்சம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த எலும்பில் எத்தனையோ கீறல்கள் இருக்கும். அதில் ஒன்றைக் காட்டி 'இது சுறா கடித்தது' என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

நியாயமான சந்தேகம். இந்த வேலையில் இருப்பவர்களும் சந்தேகத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். யார் கடித்தது என்பது பிறகு வருகிற கேள்வி, முதலில் இது கடிதானா என்று பார்க்க வேண்டும்.

முதல் சந்தேகம் நம் மேலேயே. தோண்டும்போது உளி பட்டிருக்கலாம், சுத்தம் செய்யும்போது ஊசி இழுத்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க நிறம் போதும். புதைபடிவ எலும்பு மண்ணிலுள்ள தாதுக்களை உறிஞ்சிப் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கும். நேற்று விழுந்த கீறல் என்றால் உள்ளே வெளிறித் தெரியும். பழைய தடத்தின் உட்பக்கம் சுற்றியுள்ள எலும்பின் நிறத்திலேயே இருக்கும், பல சமயம் அந்த அடுக்கின் மண் துகளே அதற்குள் இறுகிப்போய் ஒட்டியிருக்கும்.

அடுத்து கடல். அலையில் உருண்ட எலும்பில் மணல் போட்ட கீறல்கள் இருக்கும், ஆனால் அவை எல்லாத் திசையிலும் ஓடும், மெல்லியதாக இருக்கும், எலும்பின் ஓரங்களும் சேர்ந்து மழுங்கியிருக்கும். கடல் முள்ளெலிக்கு ஐந்து பற்கள், அது எலும்பின் மேல் வளர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும்போது நட்சத்திரம் போல ஐந்து கோடுகள் விழும். கல்லையும் எலும்பையும் துளைத்து உள்ளே குடியிருக்கும் சிப்பிகள் உண்டு. இதெல்லாம் போதாதென்று ஓசிடாக்ஸ் என்று ஒரு புழு. 2002இல் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில், ஆழ்கடலில் கிடந்த திமிங்கலப் பிணத்தில் இதைப் பார்த்தார்கள், 2004இல் பெயர் வைத்தார்கள். வாயும் கிடையாது, குடலும் கிடையாது, வேர் போன்ற சதையை எலும்புக்குள் இறக்கி அமிலத்தால் கரைத்தே வாழ்கிறது. வெளியே சின்ன வட்டத் துளை, உள்ளே போகப் போக அகலமான குழி. மேலோட்டமாகப் பார்த்தால் கூர்மையான பல் இறங்கிய ஓட்டை மாதிரியே இருக்கும். ஆனால் பல் இறங்கினால் எலும்பு உள்நோக்கி நொறுங்கும், விளிம்பில் வெடிப்பு இருக்கும், குழி கீழே போகப் போகக் குறுகும். புழு போட்ட துளையில் இதெல்லாம் இருக்காது.

இத்தனையையும் கழித்துவிட்டு மிச்சம் நிற்பதைத்தான் பல்தடம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதிலும் மறுக்கவே முடியாத ஒன்று உண்டு. மெகலடான், வெள்ளைச்சுறா, புலிச்சுறா இவற்றின் பல் விளிம்பு ரம்பம் போல இருக்கும். பல் தன் விளிம்பின் போக்கிலேயே எலும்பை வெட்டினால் ஒரே ஒரு வெட்டுத்தான் விழும். அதே பல் பக்கவாட்டில் இழுபட்டால், விளிம்பிலுள்ள ஒவ்வொரு ரம்பப்பல்லும் தனித்தனியாக ஒரு கோடு போடும், ஈர மணலில் சீப்பை வைத்து இழுத்த மாதிரி. அந்தக் கோடுகளைச் சாய்வான வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே இடைவெளியில் ஓடும், சுறா தலையைத் திருப்பிய இடத்தில் எல்லாக் கோடும் சேர்ந்து ஒரே மாதிரி வளையும். தனித்தனி மணல் துகள்களால் இப்படிச் சேர்ந்து வளைய முடியாது. இதைப் பார்த்துவிட்டால் சுறாதான் என்பதில் எனக்குச் சந்தேகம் வருவதில்லை.

சில சமயம் தடத்துக்குள் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்சு எடுப்பார்கள், கடித்த பல்லின் முனை அப்படியே வெளியே வரும். அமெரிக்காவின் மேரிலாந்தில் கால்வர்ட் கடலோரப் பாறைகளில் கிடைத்த கல்லாகிப்போன சாணத் துண்டுகளில்கூடச் சுறாவின் பல்தடம் இருந்தது, அதை இந்த முறையில்தான் 2010இல் ஆராய்ந்து எழுதினார்கள்.

எல்லாவற்றிலும் உறுதியான சாட்சி, எலும்புக்குள்ளேயே உடைந்து நின்ற பல். பெருவில், பிஸ்கோ என்ற பாறை அடுக்கில் கிடைத்த ஒரு திமிங்கலத் தாடையில் வெள்ளைச்சுறா வகையைச் சேர்ந்த ஒன்றின் பல் துண்டு குத்தியபடியே இருந்தது. சுமார் 40 லட்சம் ஆண்டுகள் பழையது, 2009இல் வெளியிட்டார்கள். அந்த மாதிரி அபூர்வமாகத்தான் அமையும்.

கேள்வி: சரி, சுறா என்று தெரிந்துவிட்டது. எந்தச் சுறா என்று எப்படிச் சொல்வது? கோடுகளின் இடைவெளியை அளந்தால் போதுமா? (ஆசிரியர், பெரம்பலூர்)

போதாது. நிறையப் பேர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

விளிம்பைப் பார்த்து முதல் கட்டமாகப் பிரிக்கலாம். மெகலடான் பல்லின் ரம்பம் நெருக்கமாக, ஒரே சீராக இருக்கும். வெள்ளைச்சுறாவுக்குக் கரடுமுரடு, ஏற்ற இறக்கம் அதிகம். புலிச்சுறாவுக்குப் பெரிய ரம்பப்பல்லின் மேலேயே குட்டி ரம்பப்பற்கள். மாகோ சுறாவுக்கு ரம்பமே இல்லை, கத்தி போல வழவழப்பு, அதனால் அது சுத்தமான வெட்டுக்கோடு மட்டும் போடும்.

இடைவெளியில் என்ன சிக்கல் என்றால், பல் நேர் குறுக்காக இழுபட்டால்தான் எலும்பிலுள்ள இடைவெளியும் பல்லிலுள்ள இடைவெளியும் ஒன்றாக இருக்கும். சாய்வாக இழுபட்டால் கோடுகள் நெருங்கிவிடும். அதனால் எலும்பில் அளப்பது எப்போதும் உண்மையான அளவுக்குச் சமமாகவோ அதைவிடக் குறைவாகவோதான் இருக்கும். அது போக, ஒரே சுறாவின் வாயில் முன்பல் பெரிது, கடைவாய்ப் பக்கம் சிறிது. குட்டிச் சுறாவுக்கு எல்லாமே சிறிது. எனவே ஒரு தடத்தை வைத்துக்கொண்டு இனத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால், அதே அடுக்கில் யார் யாருடைய பற்கள் கிடைக்கின்றன என்று பார்த்தாக வேண்டும். சுறாவின் உடம்பு குருத்தெலும்பு, அது அநேகமாக மிஞ்சாது. ஆனால் பற்கள் வாழ்நாள் முழுவதும் விழுந்து முளைத்துக்கொண்டே இருப்பதால் கடலடியில் ஆயிரக்கணக்கில் சேரும். அந்தப் பகுதியில் எந்தெந்தச் சுறாக்கள் வாழ்ந்தன என்பதற்கு அவைதான் வருகைப் பதிவு.

2017இல் இத்தாலியைச் சேர்ந்த ஆல்பெர்ட்டோ கொல்லாரெட்டாவும் உடன் பணியாற்றியவர்களும் இப்படித்தான் செய்தார்கள். பெருவின் அகுவாடா டி லோமாஸ் என்ற இடத்தில், சுமார் 70 லட்சம் ஆண்டுப் பழைய அடுக்கில், பிஸ்கோபலீனா நானா என்ற சிறிய திமிங்கலத்தின் எலும்புகளிலும் சீல்களின் எலும்புகளிலும் பெரிய ரம்பத் தடங்கள் இருந்தன. தடத்தின் அளவு, ரம்பக் கோடு, அந்த அடுக்கில் கிடைக்கும் பற்கள் மூன்றையும் சேர்த்துப் பார்த்து, மெகலடான்தான் என்ற முடிவுக்கு வந்தார்கள். பிஸ்கோபலீனா 5 மீட்டர் அளவுக்குள் அடங்குகிற விலங்கு. மெகலடான் என்றாலே பிரம்மாண்டமான திமிங்கலத்தோடு மல்லுக்கட்டும் படம்தான் நம் மனதில் இருக்கிறது. அதன் சாப்பாட்டில் சின்ன விலங்குகளும் இருந்தன என்பதை இந்த எலும்புகள்தான் காட்டிக்கொடுத்தன. எனக்கு அந்தப் பெரிய சண்டைப் படங்களை விட இந்தத் தகவல் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இது அளந்து பெற்றது.

கேள்வி: கடித்தது சரி, கொன்றதா? செத்து மிதந்ததைத் தின்றிருக்கலாமே? (வாசகர், கோவை)

இந்தப் பகுதியிலேயே முக்கியமான கேள்வி இதுதான். செய்தித் தலைப்புகளில் 'தாக்கிக் கொன்றது' என்று சுலபமாகப் போட்டுவிடுகிறார்கள். எலும்பு அதைச் சொல்வது மிகக் குறைவு.

யோசித்துப் பாருங்கள். சுறா உயிருள்ள திமிங்கலத்தைக் கடித்துக் கொன்றாலும், செத்து மிதந்ததைக் கடித்தாலும், எலும்பில் விழும் வெட்டு ஒன்றேதான். செத்த உடம்பு மிதக்கும், வயிறு ஊதும், எல்லாச் சுறாவும் வந்து சேரும். இன்றைக்கும் ஒரு திமிங்கலப் பிணத்தைச் சுற்றி வெள்ளைச்சுறாக்கள் கூடுவதைப் படமெடுத்திருக்கிறார்கள். அதனால் ஆறாத காயத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'வேட்டை' என்று எழுதினால் அது ஊகம்தான்.

ஆறிய காயம் வேறு. எலும்பு ஆற வேண்டுமானால் உயிர் இருக்க வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் கிடைத்த திமிங்கல விலா எலும்புத் துண்டைப் பற்றி 2011, 2012 வாக்கில் செய்தி வந்தது. 30 முதல் 40 லட்சம் ஆண்டுகள் பழையது. அதில் மூன்று கடித்தடங்கள், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 6 செ.மீ. தூரத்தில், வரிசையாக. மேரிலாந்திலுள்ள கால்வர்ட் கடல்சார் அருங்காட்சியகத்தின் ஸ்டீபன் காட்ஃப்ரே அதைப் பார்த்திருக்கிறார். எலும்பு நோய்களை ஆராய்வதில் பெயர்பெற்ற ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் டொனால்ட் ஆர்ட்னரும் அந்த ஆய்வில் இருந்தார்.

விசேஷம் என்னவென்றால், தடங்களைச் சுற்றிலும் எலும்பின் மேல் வேறு ஒரு எலும்பு படிந்திருந்தது. உடம்பில் எலும்பு அடிபட்டாலோ சீழ் பிடித்தாலோ, ஒழுங்காகக் கட்ட நேரம் இல்லாமல் அவசர அவசரமாக ஒரு எலும்பைப் போடும். நார்கள் தாறுமாறாக ஓடும், சொரசொரப்பாக இருக்கும். பிறகு மெதுவாகத்தான் அதை அழித்து ஒழுங்கான எலும்பாக மாற்றும். நமக்குக் கை முறிந்தாலும் இதேதான் நடக்கிறது. அந்த விலாவில் இருந்தது அவசர எலும்பு மட்டும். ஒழுங்கான எலும்பாக மாறுகிற கட்டம் வரவில்லை. அதை வைத்து, கடி வாங்கிய பிறகு அந்தத் திமிங்கலம் இரண்டு முதல் ஆறு வாரம் வரை உயிரோடு இருந்து, பிறகு செத்திருக்கிறது என்று கணக்கிட்டார்கள். எதனால் செத்தது என்பதை எலும்பு சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கடித்தது மெகலடானில் சிறியதாகவோ அக்காலத்தின் வேறொரு பெரிய சுறாவாகவோ இருக்கலாம் என்று நிறுத்திக்கொண்டார்கள்.

எனக்கு அந்த நிறுத்தம்தான் பெரிய விஷயம். உயிரோடு இருந்த திமிங்கலத்தை ஒரு சுறா கடித்தது, திமிங்கலம் தப்பியது. இவ்வளவுக்குத்தான் சாட்சி இருக்கிறது, இவ்வளவைத்தான் எழுதினார்கள்.

அதே காட்ஃப்ரே 2022இல் இன்னொருவரோடு சேர்ந்து வேறொன்றை எழுதினார். கால்வர்ட் பாறைகளில் சுமார் 1.5 கோடி ஆண்டுப் பழைய திமிங்கல முள்ளெலும்புகள், அதில் ஒன்று அமுங்கி உடைந்து பாதி ஆறியிருந்தது. பக்கத்திலேயே நுனி உடைந்த ஒரு மெகலடான் பல். பார்த்தவுடன் மெகலடான் மோதியதுதான் என்று எவருக்கும் தோன்றும். அவர்கள் அதை ஒரு சாத்தியமாக முன்வைத்ததோடு, விஷம் ஏறி வலிப்பு வந்தாலும் முதுகெலும்பு இப்படி அமுங்க முடியும் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

கேள்வி: அப்படியென்றால் ஆறாத காயத்தை வைத்து எதுவுமே சொல்ல முடியாதா? (அதே கோவை வாசகர்)

சொல்லலாம், ஆனால் சாட்சியின் பலம் ஒரு படி குறையும். இடத்தைப் பார்க்க வேண்டும். எலும்புக்கூடு ஏறக்குறைய முழுதாகக் கிடைத்தால், எந்தெந்த எலும்பில் எந்தப் பக்கத்திலிருந்து பல் வந்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, கடித்த வரிசையையே ஊகிக்க முடியும்.

இத்தாலியின் பீட்மான்ட் பகுதியில் அஸ்டடெல்ஃபிஸ் காஸ்டால்டி என்ற டால்பினின் எலும்புக்கூடு கிடைத்தது. பிளையோசீன் காலம் (சுமார் 53 லட்சம் முதல் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன்), 2.8 மீட்டர் நீளம். ஜோவான்னி பியானுச்சியும் மற்றவர்களும் அதை அலசி 2010இல் எழுதினார்கள். விலா எலும்புகளில் விழுந்த வெட்டுகளின் திசையைப் பார்த்தால், சுறா பின்னாலிருந்து, கீழேயிருந்து, வலது பக்கமாக வந்து வயிற்றைக் கடித்திருக்கிறது. டால்பின் அடிபட்டுப் புரண்ட பிறகு முதுகுத் துடுப்பை ஒட்டிய இடத்தில் மறுபடி கடி. தடங்களில் ரம்பக் கோடு இல்லை. அதனால் வழவழப்பான விளிம்புள்ள காஸ்மோபாலிடோடஸ் ஹாஸ்டாலிஸ் என்ற சுறா, அளவு சுமார் 4 மீட்டர் என்று கணித்தார்கள். இன்றைய பெரிய சுறாக்களும் டால்பினின் கண்ணுக்கு எட்டாத பின்புறக் கீழ்ப்பகுதியிலிருந்துதான் பாய்கின்றன, அதோடு இது பொருந்துகிறது.

எனக்கு அவர்கள் வாதம் ஏற்புடையதாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வட கரோலினா விலாவையும் இதையும் பக்கத்தில் வைத்தால் நான் விலாவைத்தான் முதலில் நம்புவேன்.

கேள்வி: சுறாக்கள் திமிங்கலத்தில் எந்தப் பகுதியை விரும்பித் தின்றன என்று தெரியுமா? (ப்ளஸ் டூ மாணவர், திண்டுக்கல்)

ஸ்பெர்ம் திமிங்கலம் விஷயத்தில் தெரியும், தம்பி. அம்பர்கிரிஸ் கடத்தல் செய்திகளில் அடிபடுகிறதே, அந்த இனம்தான். அதன் தலையில் எண்ணெய் நிறைந்த பெரிய உறுப்பு இருக்கிறது. பெருவின் ஆல்டோ பெனிடெஸ் பலோமினோ தலைமையில் 2022இல் வந்த ஆய்வில், பிஸ்கோ அடுக்கின் ஸ்பெர்ம் திமிங்கல மண்டையோடுகளில் முகப்பக்கத்து எலும்புகளிலேயே சுறாப் பல்தடங்கள் குவிந்திருந்தன. வேறு வேறு வகைச் சுறாக்கள், வேறு வேறு அளவுகள். எல்லாம் கொழுப்பைத் தேடியே வந்திருக்கின்றன. இத்தனை வகைத் தடம் ஒரே இடத்தில் என்றால், அது பெரும்பாலும் பிணத்தைத் தின்றதுதான்.

கேள்வி: திமிங்கல எலும்பில் பல்தடம் என்றால் எப்போதும் சுறாவேதானா? (இல்லத்தரசி, சேலம்)

இல்லை. இங்கே எகிப்துக்குப் போக வேண்டும். கெய்ரோவுக்குத் தென்மேற்கே பாலைவனத்தில் வாதி அல் ஹிதான் என்று ஒரு இடம், 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்று மணலும் காற்றும்தான். சுமார் 3.7 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஆழமில்லாத கடல். அங்கே இரண்டு ஆதித் திமிங்கலங்கள் நிறையக் கிடைக்கின்றன: 15 முதல் 18 மீட்டர் வரை நீளும் பாசிலோசாரஸ் ஐசிஸ், 5 மீட்டர் அளவுள்ள டோருடான் அட்ராக்ஸ்.

டோருடான் குட்டிகளின் மண்டையோடுகளில் கடித்தடங்கள் இருந்தன. ஆரம்பத்தில் சுறாவையும் சந்தேகித்தார்கள். ஆனால் இவை மெல்லிய வெட்டுகள் அல்ல, ரம்பக் கோடுகளும் இல்லை. தடித்த பல் அழுத்தி இறங்கிய குழிகள், நொறுங்கிய எலும்பு. ஜெர்மானிய ஆய்வாளர் யூலியா ஃபால்கே பாசிலோசாரஸின் பல்வரிசையை அந்தக் குழிகளோடு பொருத்திப் பார்த்து, 2012இல் பாசிலோசாரஸ்தான் குட்டிகளின் தலையைக் கடித்திருக்கிறது என்று எழுதினார். பொருந்துகிறது என்பதும் நடந்தது என்பதும் ஒன்றல்ல என்று அப்போது யாராவது வாதாடியிருக்க முடியும். 2019இல் அந்த வாதத்துக்கு இடமில்லாமல் போனது. மன்யா வோஸ் குழுவினர் விவரித்த ஒரு பாசிலோசாரஸ் எலும்புக்கூட்டில், வயிறு இருந்த இடத்தில், கடிபட்டு உடைந்த டோருடான் குட்டிகளின் எலும்புகளும் பெரிய மீன்களின் எச்சங்களும் கிடந்தன.

இதிலும் ஒரு பாடபேதம் உண்டு. உள்ளே கிடந்த எலும்புகள் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து சேர்த்தவையாக இருக்கலாமே? அதனால்தான் அந்த எலும்புகளில் கடித்தடம் இருப்பதும், அவையெல்லாம் குட்டிகளுடையதாக இருப்பதும் முக்கியமாகின்றன. டோருடான்கள் குட்டி போட வந்த கடலில் பாசிலோசாரஸ் வேட்டைக்கு வந்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு. இன்றைக்குக் கூனல் முதுகுத் திமிங்கலங்கள் குட்டிகளோடு இருக்கும் இடங்களை ஓர்க்காக்கள், அதாவது கொலைகாரத் திமிங்கலங்கள், தேடிப் போவதோடு இதை ஒப்பிடுகிறார்கள். கடித்தடம், பல்லின் பொருத்தம், வயிற்றில் கிடந்தது என்று மூன்றும் ஒரே பதிலைச் சொல்லும் இடம் இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவாக வேறில்லை.

கேள்வி: எங்கள் பக்கத்துக் கடலில் ஆவுளியா இருக்கிறது. அந்த இனத்தின் பழைய எலும்புகளிலும் இப்படிக் கடித்தடம் உண்டா? (மீனவர் குடும்பத்து வாசகர், அதிராம்பட்டினம்)

உண்டு. ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்கு, உறவான ஒரு விலங்கு வெனிசுவேலாவில். குலெப்ராதீரியம் என்று பெயர், மயோசீன் காலம் (சுமார் 2.3 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன்), நாட்டின் வடமேற்கே கிடைத்தது. 2024இல்தான் விவரம் வந்தது. மண்டையோட்டின் ஒரு பகுதியும் சில முள்ளெலும்புகளும் மட்டுமே, ஆனால் அதில் இரண்டு பேர் கடித்திருக்கிறார்கள்.

மூக்குப் பக்கத்தில் ஆழமான வட்டக் குழிகள், இது முதலை. முதலைப் பல் கூம்பு வடிவம், ரம்பம் கிடையாது, இரண்டு பக்கமும் ஒரு கூர்வரம்பு ஓடும். அதனால் குழியின் நடுவே ஒரு கோடு விழுவதுண்டு, அது முதலைக்கே உரிய அடையாளம். இந்த எலும்பில் குழிகளோடு வளைந்து இழுபட்ட வெட்டுகளும் இருந்தன. மூக்கைக் கவ்வி மூச்சை அடைத்து, பிறகு உடம்பைச் சுழற்றிக் கிழிக்க முயன்றிருக்கிறது. இன்றைய முதலைகளும் இதைத்தான் செய்கின்றன. அப்புறம் உடம்பெங்கும் ஒழுங்கில்லாமல் சிதறிய மெல்லிய வெட்டுகள், கழுத்துப் பக்கத்தில் கிடந்த ஒரு பழங்காலப் புலிச்சுறாவின் பல். முதலை பிடித்தது, மிச்சத்தைச் சுறா தின்றது என்று படிக்கிறார்கள். எனக்கு அந்த வரிசை நம்பும்படியாக இருக்கிறது, காரணம் மூக்குக் கடி ஒரே இடத்தில் குறிவைத்தது, மற்றவை கிடைத்த இடத்தில் எல்லாம் விழுந்தவை.

உங்கள் கடலில் இருக்கும் ஆவுளியாவுக்காகத் தமிழ்நாடு அரசு 2022இல் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்திருக்கிறது. வலையில் சிக்கினால் உயிரோடு விட்டுவிடுங்கள் என்று உங்கள் வீட்டாரிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: கடற்கரையில் பெரிய எலும்பு ஒன்று கிடக்கிறது, மேலே கோடு கோடாக இருக்கிறது. புதைபடிவமா? அரியலூரில் இப்படித் திமிங்கல எலும்பு கிடைக்குமா? (வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்)

கரையில் கிடப்பது அநேகமாகச் சமீபத்தில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்பாகத்தான் இருக்கும். புதைபடிவம் என்றால் கல் போலக் கனக்கும், தட்டினால் கல் சத்தம் வரும். எப்படியிருந்தாலும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். திமிங்கலம், டால்பின், ஆவுளியா எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, எலும்பை வைத்திருப்பதும் குற்றம். வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதற்கு முன் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்திருக்கும்போது படம் எடுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் கோடுகள் தெரியவே தெரியாது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட வேண்டாம், நீங்கள் போடும் கோடும் பழைய கோடும் கலந்துவிடும்.

அரியலூரில் திமிங்கலம் கிடைக்காது. அங்குள்ள கடல் பாறைகள் கிரெட்டேசியஸ் காலத்தவை, டைனோசர்கள் இருந்த காலம். முதல் திமிங்கலங்கள் வந்தது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான், அதாவது அந்தப் பாறைகள் படிந்து முடிந்து நெடுங்காலம் கழித்து. அங்கே சுறாப் பற்கள் கிடைக்கும், ஆனால் அந்தச் சுறாக்கள் கடித்திருந்தால் மீனையும் கடல் ஊர்வனவற்றையும்தான் கடித்திருக்கும். இந்தியாவில் ஆதித் திமிங்கலம் வேண்டுமென்றால் குஜராத்தின் கட்ச் பகுதிக்குப் போக வேண்டும். அசோக் சாஹ்னியும் வி.பி. மிஸ்ராவும் 1970களில் அங்கிருந்து விவரித்ததுதான் தொடக்கம். ரெமிங்டனோசீட்டஸ், கட்சிசீட்டஸ் எல்லாம் அந்த மண்ணில் வந்தவை. அந்த எலும்புகளைப் பல்தடத்துக்காகவே ஒருவர் வரிசையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. இதைப் படிக்கும் புவியியல் மாணவர்கள் யாராவது செய்தால் சந்தோஷப்படுவேன்.

கேள்வி: மெகலடான் இன்னும் ஆழ்கடலில் இருக்கிறது என்று யூடியூபில் சொல்கிறார்களே? (எட்டாம் வகுப்பு மாணவன், திருநெல்வேலி)

இல்லை, தம்பி. கிடைத்த பற்களையெல்லாம் அடுக்கு வாரியாகச் சரிபார்த்து 2019இல் வந்த ஆய்வின்படி, சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அது அழிந்துவிட்டது. நீ பார்த்த வீடியோவில் சேலஞ்சர் கப்பல் கதை வந்திருக்கும். 1870களில் அந்த ஆங்கிலேயக் கப்பல் ஆழ்கடலிலிருந்து மெகலடான் பற்களை அள்ளியது உண்மைதான். அந்தப் பற்களின் மேல் படிந்த மாங்கனீசுத் தோலின் தடிமனை வைத்து, சுமார் 11,000 முதல் 24,000 ஆண்டுகள்தான் ஆகிறது என்று 1959இல் ஒருவர் கணக்குப் போட்டார். மாங்கனீசு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் படிவதில்லை, அதனால் அந்தக் கணக்கு நிற்கவில்லை.

இன்னொன்றும் நீயே யோசிக்கலாம். இன்றைக்குத் திமிங்கலங்களின் தோலை விஞ்ஞானிகள் ஓயாமல் படமெடுக்கிறார்கள், வாலில் இருக்கும் வடுவை வைத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். ஓர்க்கா கடித்த வரிவரியான வடு இருக்கிறது, குக்கிகட்டர் என்ற சின்னச் சுறா வட்டமாகக் கடித்தெடுத்த வடு இருக்கிறது, கப்பல் விசிறி வெட்டிய வடு இருக்கிறது. ஒரு கை அகலத்துக்குப் பல் உள்ள சுறா கடித்த வடு ஒன்றுகூட இல்லை.